கொழுத்த அரளி

பாலைவன ரோஜா என்று நாம் அழைக்கும் செடிக்கும் ரோஜாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மணல்மேடு மணல்மேடாக விரியும் பாலைவனமும் அதன் ஊர் கிடையாது. செங்கடலுக்கு ஒரு பக்கம் ஏமன் மலைச்சரிவுகள், மறுபக்கம் சோமாலியா, எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா என்று நீளும் பாறைக்காடுகள், இவைதாம் அதன் பூர்வீகம். மழை பெய்யும் மாதங்கள் சில உண்டு. மற்ற மாதங்களில் வானம் கையை விரித்துவிடும். அந்த மாதங்களுக்காகத்தான் அது அடித்தண்டில் தண்ணீரைச் சேர்த்துவைத்துக்கொண்டு அப்படிப் புடைத்து நிற்கிறது.

பெயர் விஷயத்தில் இந்தச் செடிக்கு நேர்ந்ததை நினைத்தால் சிரிப்பு வரும். இந்தோனேசியர்கள் இதைக் கம்போஜா ஜெப்பாங், அதாவது ஜப்பானியக் கம்போஜா என்கிறார்கள். ஜப்பானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மலாய்க் கல்லறைகளில் வெள்ளையாய்ப் பூத்துக் கொட்டிக்கிடக்கும் கம்போஜாகூட கம்போடியாவின் மரம் அல்ல, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. சீனர்கள் ஃபூ குவெய் ஹுவா என்கிறார்கள், செல்வமும் சிறப்பும் தரும் பூ. சீனப் பெருநாளுக்கு முன்னால் சட்டி சட்டியாக விற்பதற்கு அந்தப் பெயரே போதும். தாய்லாந்தில் சுவன் சோம். ஆங்கிலத்தில் இம்பாலா லில்லி என்றும் ஒரு பெயர் உண்டு. லில்லியும் இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு என் பெரியம்மா சொன்னதுதான் சரியாகப் படுகிறது. கெடாவில் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். சட்டியில் பூத்திருந்ததை முதல்முறை பார்த்தபோது, "இது நம்ம அரளிதானே? என்னாத்துக்கு இப்படி ஊதிப்போயி கிடக்கு?" என்றார். 1763ல் ஏமனில் இந்தச் செடியைப் பார்த்த ஒருவரும் ஏறக்குறைய அதையேதான் எழுதிவைத்தார். நேரியம் ஒபேசம். நேரியம் என்றால் அரளி, ஒபேசம் என்றால் கொழுத்தது. எழுதியவர் பெயர் பீட்டர் ஃபோர்ஸ்கோல். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. செடி வளர்ப்பும் இடையிடையே வரும்.

ஃபோர்ஸ்கோல் 1732ல் ஹெல்சிங்கியில் பிறந்தவர். ஃபின்லாந்து அப்போது சுவீடனின் கையில் இருந்தது. உப்சாலாவில் கார்ல் லின்னேயஸிடம் தாவரவியல் படித்தார். பிறகு ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் கீழை மொழிகளும் படித்து முனைவர் ஆனார். ஊர் திரும்பியவர் 1759ல் ஒரு சிறு நூலை எழுதினார். குடியுரிமைச் சுதந்திரம் பற்றிய எண்ணங்கள் என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். மொத்தமே 21 பத்திகள். பதவியாலும் பிறப்பாலும் பணத்தாலும் ஒரு நாட்டுக்குள்ளேயே பலம்பெற்று நிற்பவர்களால்தான் சுதந்திரத்துக்கு அதிக ஆபத்து, அதைக் காக்க எழுதும் உரிமை வேண்டும் என்பது அதன் சாரம். தணிக்கை அதிகாரி சில இடங்களை வெட்டிய பிறகுதான் அச்சுக்கே போனது. அப்படியும் வெளிவந்தவுடன் தடை. 500 பிரதிகளையும் திரும்பப் பெறும் வேலை பல்கலைக்கழகத்தின் அப்போதைய தலைவரிடம் வந்தது. அந்தத் தலைவர் லின்னேயஸ். மாணவனின் நூலை ஆசிரியரே பறிமுதல் செய்ய வேண்டிய நிலை.

திரும்பக் கிடைத்தவை 79.

ஃபோர்ஸ்கோல் மற்றதையெல்லாம் அதற்குள் ஆட்களிடம் சேர்த்துவிட்டிருந்தார். லின்னேயஸும் ரொம்ப மெனக்கெட்டுத் தேடியிருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அச்சு உரிமம் என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த நமக்கு, 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில் சிற்றிதழ் நடத்தியவர்களைத் தெரிந்த நமக்கு, இந்தக் கதை வெகு தூரத்தில் நடந்ததாகத் தெரியாது.

சுவீடனில் இனி அவருக்குப் பெரிய எதிர்காலம் இல்லை. அந்த நேரத்தில்தான் டென்மார்க் மன்னர் ஐந்தாம் ஃபிரெடரிக்கின் செலவில் அரேபியாவுக்கு ஓர் ஆய்வுப் பயணம் தயாராகிக்கொண்டிருந்தது. யோசனையைக் கொடுத்தவர் கோட்டிங்கன் பேராசிரியர் மிக்கேலிஸ், விவிலியத்தில் வரும் செடிகொடிகளையும் விலங்குகளையும் அந்த நிலத்திலேயே போய்ப் பார்த்துத் தெளிய விரும்பியவர். இதில் நமக்கு ஒரு சின்னத் தொடர்பு இருக்கிறது. முதலில் போட்ட திட்டப்படி ஆய்வாளர் டேனியக் கப்பலில் தரங்கம்பாடிக்குப் போய், அங்கிருந்து ஏமனுக்குப் போக வேண்டும். சோழமண்டலக் கரையில் அப்போது டேனியர்களின் கோட்டை இருந்ததல்லவா. பிறகு பாதை மாறி, மத்தியதரைக் கடல், கான்ஸ்டான்டினோப்பிள், எகிப்து வழியாகப் போவது என்று முடிவானது. மாறாமல் இருந்திருந்தால் ஃபோர்ஸ்கோல் தரங்கம்பாடித் தெருவில் அரளியைப் பார்த்துவிட்டுத்தான் ஏமனுக்குப் போயிருப்பார்.

1761 ஜனவரியில் கோப்பன்ஹேகனிலிருந்து கப்பல் ஏறியவர்கள்: மொழியறிஞர் ஃபான் ஹாவன், தாவரவியலுக்கு ஃபோர்ஸ்கோல், நில அளவைக்கு கார்ஸ்டன் நீபூர், மருத்துவர் கிராமர், ஓவியர் பாவுரன்ஃபைன்ட், பணியாள் பெர்கிரென். யாரும் யாருக்கும் தலைவர் இல்லை என்று மன்னர் கட்டளை. விளைவு எப்படி இருந்திருக்கும் என்று இலக்கிய அமைப்பு எதிலாவது இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஃபோர்ஸ்கோலுக்கும் ஃபான் ஹாவனுக்கும் ஆகவே ஆகாது. கான்ஸ்டான்டினோப்பிளில் ஃபான் ஹாவன் ஆர்சனிக் வாங்கி வைத்திருப்பது தெரிந்ததும், எங்களை இவர் கொன்றுவிடுவார் என்று மற்றவர்கள் கோப்பன்ஹேகனுக்குக் கடிதமே எழுதினார்கள்.

யாரும் யாரையும் கொல்லவில்லை. அந்த வேலையைக் காய்ச்சல் செய்தது. 1762 கடைசியில் ஏமன் கரையில் இறங்கினார்கள். ஃபோர்ஸ்கோல் உள்ளூர்க்காரர் போல உடுத்திக்கொண்டு, காப்பி விளையும் மலைகளில் செடி தேடி அலைந்தார். பார்த்த செடிக்கு லத்தீன் பெயர் வைத்ததோடு நிற்காமல், அந்த ஊர் மக்கள் அதை என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு அரபுப் பெயரையும் எழுதினார். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். பெயர் வைக்க வந்த பலர் கேட்க மறந்த கேள்வி அது. 1763 மே மாதம் மொக்காவில் ஃபான் ஹாவன் இறந்தார். ஜூலை 11ஆம் தேதி யரீம் என்ற மலையூரில் ஃபோர்ஸ்கோல். வயது 31. பெட்டியில் வைத்துப் புதைத்ததால் உள்ளே பொருள் இருக்கும் என்று யாரோ பிறகு தோண்டிப் பார்த்ததாக நீபூர் கேள்விப்பட்டார். பம்பாய் போகும் கப்பலில் ஓவியரும் பணியாளும், பம்பாயில் மருத்துவரும் போய்ச் சேர்ந்தார்கள். 1767ல் கோப்பன்ஹேகன் திரும்பியவர் நீபூர் ஒருவர் மட்டும்தான்.

ஃபோர்ஸ்கோல் அனுப்பிய பெட்டிகளில் பல அதற்குள் கவனிப்பார் இல்லாமல் கிடந்து வீணாகியிருந்தன. மிஞ்சிய குறிப்புகளை ஒழுங்குபடுத்தி 1775ல் நீபூர் நூலாக வெளியிட்டார். கொழுத்த அரளி அதில்தான் முதன்முதலாக அச்சேறியது. 1819ல் ரோமரும் ஷூல்ட்ஸும் அதை அரளியிலிருந்து பிரித்து அடீனியம் என்று தனிப் பேரினமாக்கினார்கள். ஏமன் பக்கத்து அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஃபோர்ஸ்கோல் வைத்ததில் 'ஒபேசம்' மட்டும் மிச்சம். லின்னேயஸ் தன் மாணவன் நினைவாக வேறொரு பாலைச் செடிக்குப் பெயர் வைத்தார், ஃபோர்ஸ்கோலியா டெனாசிஸ்ஸிமா. துணியில் ஒட்டினால் லேசில் விடாத செடி. இரண்டாவது சொல்லுக்கு மகா பிடிவாதம் என்று பொருள். அந்த 421 பிரதிகள் லின்னேயஸின் நினைவில் இருந்திருக்கும்.

இனி செடிக்கு வருகிறேன்.

குளிர்நாட்டில் இதை வளர்ப்பவர்களின் கவலையெல்லாம் பனிக்காலம் பற்றித்தான். வெப்பம் 10 பாகைக்குக் கீழே போனால் செடிக்கு ஆகாது. அதனால் இலையுதிர் காலத்திலேயே வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவார்கள். இலை எல்லாம் கொட்டிவிடும். தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், அல்லது மாதத்துக்கு ஒரு முறை பேருக்குக் கொஞ்சம். பார்க்கிறவனுக்குச் செத்துப்போன கட்டை மாதிரிதான் இருக்கும். வசந்தம் வந்து வெளியே வைத்தால் நுனியில் பச்சை தெரியும். ஏமனின் வறண்ட மாதங்களைத் தாங்க அது கற்றுக்கொண்ட உறக்கத்தைத்தான் ஐரோப்பாவின் பனிக்காலத்துக்கும் பயன்படுத்திக்கொள்கிறது.

நம் நாட்டில் பனி ஏது, அதனால் கவலையும் இல்லை என்று நினைக்கலாம். உண்மையில் இங்கேதான் சிக்கல். ஆண்டு முழுக்க மழை பெய்கிற ஊரில் செடிக்கு உறங்க நேரமே கிடைப்பதில்லை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை கிளந்தான், திரங்கானு, ஜொகூர் பக்கம் அடிக்கும் மழையில் கூரையில்லாமல் வைத்த அடீனியம் அடித்தண்டிலிருந்து அழுக ஆரம்பிக்கும். கெடா, பெர்லிஸ்காரர்களுக்கு மட்டும் ஓர் அதிர்ஷ்டம். ஜனவரி, பிப்ரவரியில் இங்கே காய்ந்துவிடும். அந்த வாரங்களில் தண்ணீர் ஊற்றாமல் விட்டால், செடி இலையைக் கொட்டிவிட்டு, அடுத்து பூக்கும்போது கிளை தெரியாமல் பூக்கும்.

"இலை கொட்டுதே, தண்ணி பத்தலையோ" என்று நான் கேட்டபோது பெரியம்மா சிரித்தார். "பால்மரம் எல கொட்டுறதில்லையா? அப்ப வெட்டுனா பால் வருமா? அதுக்கும் ஒரு மாசம் வேணும்ல. சும்மா விடு." தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு இது. வருஷத்தின் முதல் மாதங்களில் ரப்பர் காடு முழுக்கச் சிவந்து, இலை கொட்டி, மொட்டையாக நிற்கும். வெள்ளைக்காரத் துரைமார்கள் அதற்கு வின்டரிங் என்றே பெயர் வைத்திருந்தார்கள். பால் குறையும், கூலி குறையும். பனிக்காலமே இல்லாத நாட்டில் பனிக்காலம் என்ற சொல்லுக்கு நம் ஆட்கள் கண்ட அர்த்தம் அது. பெரியம்மாவுக்கு மரத்தின் உறக்கம் என்றால் கடையில் கடன் சொல்ல வேண்டிய மாதம். என் சட்டிச் செடியின் உறக்கத்தை அவர் அவ்வளவு சாதாரணமாகப் பேசியது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

வளர்ப்பில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தோட்டத்து மண்ணைத் தொடாதீர்கள். சுட்ட உமி, ஆற்று மணல், உடைத்த செங்கல், இவை கலந்தால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். வெயில் முழுதாக வேண்டும், மழை வேண்டாம். சட்டி மாற்றும்போதெல்லாம் வேரைக் கொஞ்சம் மேலே தூக்கி நட்டால் அடி பருத்துத் தெரியும். அடித்தண்டை அவ்வப்போது விரலால் அழுத்திப் பாருங்கள். சுருங்கித் தளர்ந்திருந்தால் தாகம். ஒரே இடத்தில் சொதசொதவென்று உள்வாங்கினால் அழுகல். உடனே பிடுங்கி, நல்ல சதை தெரியும்வரை கத்தியால் செதுக்கி, காயம் நன்றாகக் காயும்வரை நிழலில் போட்டுவையுங்கள். அரளியைத் தின்னும் பச்சைப் புழு, பெரிய கண் போன்ற புள்ளிகளோடு இருக்குமே, அது இதையும் தேடி வரும். உறவுமுறை அதற்குத் தெரிகிறது.

வெட்டிய கையைக் கழுவ மறக்கக்கூடாது. சாறு நஞ்சு. தான்சானியாவின் ஹட்சா மக்கள் இந்தச் செடியின் சாற்றைக் காய்ச்சிக் குழம்பாக்கி அம்பு முனையில் பூசி வேட்டையாடுகிறார்கள். இதயத் துடிப்பைக் குலைக்கும் வகை நஞ்சு அது, அரளியில் இருப்பதும் அந்த வகைதான். நம் ஒராங் அஸ்லி மக்கள் ஊதுகுழல் அம்பில் பூசும் ஈப்போ மரப் பாலும் அதே வேலையைத்தான் செய்யும். அந்த மரத்தின் பெயரில் ஒரு நகரத்தையே வைத்துக்கொண்டிருக்கிறோம். சின்னப் பிள்ளைகளும் பூனையும் உள்ள வீட்டில் சட்டியை எட்டாத இடத்தில் வையுங்கள்.

இன்றைக்கு நம் கடைகளில் விற்கும் கலப்பின வகைகள் பெரும்பாலும் தாய்லாந்து, தைவான் பண்ணைகளின் உழைப்பு. அடுக்குப் பூ, கறுஞ்சிவப்பு, மஞ்சள் என்று ஏமன் மலையில் இல்லாத நிறமெல்லாம் வந்துவிட்டது. மண்ணும் இல்லாமல், இலையும் இல்லாமல், வெறும் கிழங்காகவே இவற்றை அனுப்புகிறார்கள். வாரக்கணக்கில் பெட்டிக்குள் இருந்தாலும் சாவதில்லை. ஃபோர்ஸ்கோலின் பெட்டிகளை நினைத்துக்கொள்வேன். அழுத்தி உலர்த்திய தாள்களுக்கு நடுவே இந்தக் கிழங்கில் ஒன்றைச் சும்மா போட்டு அனுப்பியிருந்தால் அது மட்டும் உயிரோடு கோப்பன்ஹேகன் போய்ச் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. 1766ல் சுவீடன் அச்சுச் சுதந்திரத்தைச் சட்டமாக்கியது, உலகில் முதல் நாடாக. அப்போது அவர் இறந்து மூன்று வருஷம்.

எனக்குக் கடைசியாக வந்த கிழங்கு தாய்மொழிச் செய்தித்தாள் ஒன்றில் சுற்றி வந்தது. படிக்கத் தெரியாத எழுத்து. அப்படி வந்தால் அவசரப்பட்டு நடாதீர்கள். ஒடிந்த வேர்களை நறுக்கிவிட்டு, காற்றோட்டமான நிழலில் சில நாள் வைத்து, காய்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர்.