பழைய கார்களின் திருட்டுத் தடுப்பு வரலாறு

பழைய கார்களின் திருட்டுத் தடுப்பு என்பது, தொழிற்சாலையிலேயே பொருத்தப்படும் நவீனப் பாதுகாப்புக் கருவிகள் இல்லாத கார்களைக் குறைந்த செலவில் திருட்டிலிருந்து காக்கும் முறைகளைக் குறிக்கும். கார் திருட்டைத் தடுக்கும் கருவிகள் பெரும்பாலும் புதிய கார்களுக்காகவே உருவாக்கப்பட்டன. அவற்றைக் கட்டாயமாக்கிய சட்டங்களும் பல நாடுகளில் புதிய கார்களோடு நின்றுவிட்டன. இதனால் புதிய கார் காக்கப்பட்டபோது திருடரின் கவனம் பழைய காரின் பக்கம் திரும்பியது. பழைய காரை வைத்திருப்பவர் பெரும்பாலும் வேறு கார் வாங்க வசதியில்லாதவர். சந்தையில் அதன் விலை குறைவாக இருந்தாலும், வேலைக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போக அவருக்கு இருப்பது அந்த ஒரு கார்தான்.

சாவி இல்லாத காலம்

தொடக்ககாலக் கார்களில் கதவுப் பூட்டு கிடையாது. பலவற்றில் கதவே கிடையாது. முன்புறக் கைப்பிடியைச் சுழற்றத் தெரிந்த எவரும் காரைக் கிளப்பிவிடலாம். உரிமையாளர்கள் சக்கரக் கம்பிகளுக்கிடையே சங்கிலியைச் செலுத்திப் பூட்டி வைத்தனர். 1912ஆம் ஆண்டின் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் தொடக்கி வந்தது. காரைக் கிளப்புவது உரிமையாளருக்கு எளிதானது போலவே திருடருக்கும் எளிதானது.

1908 முதல் 1927 வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் தயாரான ஃபோர்டு மாடல் டி காரின் கதை இதைவிடத் தெளிவானது. பிற்கால மாடல் டி கார்களின் சாவிகள் 51 முதல் 74 வரை எண்ணிடப்பட்ட 24 வகைகளில் மட்டுமே வந்தன. சாவியின் எண் சுவிட்சின் முகப்பிலும் பொறிக்கப்பட்டிருந்தது. ஒரு சாவிக்கொத்தை வைத்திருப்பவர் தெருவில் நிற்கும் எந்த மாடல் டி காரையும் ஓட்டிச் செல்ல முடியும். கார் திருட்டு மாநில எல்லைகளைத் தாண்டிப் பெருகியதால், 1919ல் அமெரிக்க நாடாளுமன்றம் தேசிய மோட்டார் வாகனத் திருட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. திருடிய காரை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டு செல்வது இதன்படி மத்திய அரசின் குற்றமாயிற்று. இச்சட்டம் திருடரைத் தண்டிக்க வழி செய்தது. காரைக் காப்பது உரிமையாளரின் பொறுப்பாகவே இருந்தது.

செலவில்லாத தடுப்பு: 1940ஆம் ஆண்டின் பிரிட்டன்

காசு செலவழிக்காமல் காரை முடக்கும் முறையை ஒரு நாடு முழுவதும் கையாண்ட நிகழ்வு இரண்டாம் உலகப் போரின்போது நடந்தது. 1940ல் பிரான்ஸ் வீழ்ந்தபின், ஜெர்மன் படையினர் வான்குடை மூலம் இறங்கி நிறுத்தி வைத்திருக்கும் கார்களைக் கைப்பற்றக்கூடும் என்ற அச்சம் பிரிட்டனில் எழுந்தது. எனவே காரைவிட்டு அகலும் எவரும் அதை இயங்காதபடி செய்துவிட்டே போக வேண்டும் என்று அரசு ஆணையிட்டது.

இதற்குப் பலரும் கையாண்ட முறை ரோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது. ரோட்டர் என்பது டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் சுழலும் சிறு பாகம். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தை அனுப்புவது அதன் வேலை. அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்றும். ஆனால் எரிபொருள் பற்றாது, எஞ்சின் ஓடாது. மூடியை எடுத்து ரோட்டரை உருவ ஒரு நிமிடம் போதும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய பெட்ரோல் கார்களுக்கு இம்முறை இன்றும் பொருந்தும். பல நாள் ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் காருக்கு இது மிகவும் ஏற்றது.

ஸ்டியரிங் பூட்டு: இரு நாடுகள், இரு முடிவுகள்

சாவியை எடுத்தவுடன் ஸ்டியரிங் தண்டைத் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு, 20ஆம் நூற்றாண்டின் முக்கியமான திருட்டுத் தடுப்புக் கருவியாகும். எஞ்சினைக் கிளப்பினாலும் காரைத் திருப்ப முடியாது என்பதே இதன் பயன். ஒரே கருவியை இரு நாடுகள் இரு விதமாகச் சட்டமாக்கியதால், கார் திருட்டு வரலாற்றில் இது ஒரு சோதனை போலவே அமைந்துவிட்டது.

மேற்கு ஜெர்மனி 1963ல், புதியது பழையது என்ற வேறுபாடில்லாமல் எல்லாக் கார்களிலும் இப்பூட்டைக் கட்டாயமாக்கியது. அங்கே கார் திருட்டு குறைந்தது. குறைந்த நிலையிலேயே பல ஆண்டுகள் நீடித்தது.

பிரிட்டன் 1971 முதல் புதிய கார்களுக்கு மட்டும் இதைக் கட்டாயமாக்கியது. புதிய கார்கள் திருடுபோவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் பூட்டு இல்லாத பழைய கார்கள் முன்னைவிட அதிகமாகத் திருடுபோயின. ரொனால்ட் கிளார்க், பேட் மேஹ்யூ முதலியோர் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சகத்துக்காகச் செய்து 1976ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடமாற்றத்தை எடுத்துக் காட்டியது. குற்றம் செய்பவரின் மனத்தை மட்டும் ஆராயாமல் குற்றத்துக்கான வாய்ப்பையும் ஆராய வேண்டும் என்ற குற்றவியல் கருத்து வளர இவ்வாய்வு ஒரு காரணமாயிற்று.

பழைய கார் உரிமையாளரின் பார்வையில் இதன் பொருள் எளிது. பிரிட்டனின் சட்டம் அவருக்கு எந்தத் தீங்கும் செய்ய நினைக்கவில்லை. ஆனாலும் அடுத்த வீட்டுக்காரரின் புதிய காருக்குக் கிடைத்த பூட்டு, அவருடைய பழைய காரைத் தெருவிலேயே எளிதான இலக்காக்கிவிட்டது.

இரும்புத் தடியின் வருகை

அமெரிக்காவிலும் 1970 முதல் புதிய கார்களுக்கே ஸ்டியரிங் பூட்டு வந்தது. நாளடைவில் அப்பூட்டை உடைக்கும் வழிகளையும் திருடர்கள் கற்றுக்கொண்டனர். 1980களில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் வின்னர் 'தி கிளப்' என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இது ஸ்டியரிங் வளையத்தின் இரு பக்கங்களையும் கொக்கிகளால் பற்றிக்கொள்ளும் ஓர் இரும்புத் தடி. அதன் நீண்ட முனை இடிப்பதால் வளையத்தை முழுச் சுற்று சுற்ற முடியாது.

இக்கருவியின் குறை அனைவரும் அறிந்ததே. தடி உறுதியானது, அது பற்றியிருக்கும் வளையமோ மெல்லியது. வளையத்தை ரம்பத்தால் அறுத்துவிட்டால் தடியைக் கழற்றிவிடலாம். ஆயினும் அறுப்பதற்கு நேரம் ஆகும், சத்தம் வரும், கருவியையும் கையில் கொண்டுவர வேண்டும். கண்ணாடி வழியே தடியைப் பார்க்கும் திருடர் அடுத்த காருக்கு நகர்வதே பெரும்பாலும் எளிது. எந்த வயதுக் காருக்கும் பொருந்துவதும், மெக்கானிக் இல்லாமலே மாட்ட முடிவதும், கார் மாறினாலும் கூடவே எடுத்துச் செல்ல முடிவதும் இதன் சிறப்புகள்.

மின்னணுத் தடுப்பும் விடுபட்ட கார்களும்

1990களில் இம்மொபிலைசர் பரவியது. சாவிக்குள் உள்ள சிறு சில்லு காரின் கணினிக்குச் சரியான குறியீட்டை அனுப்பினால்தான் எஞ்சின் ஓடும். சாவித் துளையை உடைப்பதால் பயனில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதலும், ஆஸ்திரேலியாவில் 2001 சூலை முதலும், கனடாவில் 2007 செப்டம்பர் முதலும் புதிய கார்களுக்கு இது கட்டாயமானது. அமெரிக்கா இதைக் கட்டாயமாக்கவில்லை.

பழைய கார்கள் எவ்வாறு விடுபட்டன என்பதற்கு அமெரிக்கத் திருட்டுப் பட்டியல்களே சான்று. 2016ஆம் ஆண்டில் அங்கே அதிகம் திருடுபோன கார்களின் பட்டியலில் முதலிரு இடங்களைப் பிடித்தவை ஹோண்டா அக்கார்டும் ஹோண்டா சிவிக்கும். அவற்றிலும் மிகுதியாகத் திருடப்பட்டவை 1997, 1998ஆம் ஆண்டுகளில் தயாரானவை. ஏறத்தாழ இருபது வயதான கார்கள் அவை. உதிரி பாகங்களுக்குத் தேவை இருந்ததும், இம்மொபிலைசர் இல்லாததும், பழைய பூட்டுகள் தேய்ந்திருந்ததும் இதற்குக் காரணங்கள்.

பழைய காரையும் சேர்த்துக்கொண்ட மாநிலம்

கார் திருட்டால் மிகவும் பாதிக்கப்பட்டிருந்த மேற்கு ஆஸ்திரேலியா வேறு வழியை மேற்கொண்டது. அம்மாநில அரசு முதலில் பழைய கார்களில் இம்மொபிலைசர் பொருத்துவோருக்கு மானியம் அளித்தது. பின்னர் 1999 சூலை முதல், ஒரு கார் கைமாறும்போது அதில் இம்மொபிலைசர் இருக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கியது. பழைய கார்கள் அடிக்கடி கைமாறுபவை. ஆகவே விற்பனை என்னும் வாயில் வழியாகவே பாதுகாப்பு ஒவ்வொரு பழைய காராகச் சென்றடைந்தது. ஆஸ்திரேலியா முழுவதிலும் 2001க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் வாகனத் திருட்டு பாதிக்கும் கீழே இறங்கியது.

2021 முதல் 2023 வரை: பழைய தடி திரும்பிய கதை

இம்மொபிலைசரை அமெரிக்கா கட்டாயமாக்காததன் விளைவு 2021க்குப் பின் வெளிப்பட்டது. 2015ஆம் ஆண்டு மாடல்களில் பிற நிறுவனங்களின் கார்களில் 96 விழுக்காட்டில் இம்மொபிலைசர் இயல்பாகவே இருந்தது. ஹூண்டாய், கியா கார்களில் அது 26 விழுக்காடு மட்டுமே. சாவியைத் திருகிக் கிளப்பும் இக்கார்களைத் திருடும் முறை சமூக ஊடகக் காணொளிகள் வழியே இளைஞர்களிடையே பரவியது. மில்வாக்கி நகரில் தொடங்கிய இத்திருட்டு அலை பல நகரங்களுக்குப் பரவியது. திருடிய கார்களைக் கண்மூடித்தனமாக ஓட்டியதில் உயிர்களும் போயின.

2023 பிப்ரவரியில் இரு நிறுவனங்களும் ஏறத்தாழ 83 லட்சம் கார்களுக்கு இலவச மென்பொருள் மேம்பாட்டை அறிவித்தன. மேம்பாடு செய்ய முடியாத கார்களும் இருந்தன. அவற்றின் உரிமையாளர்களுக்குக் காவல் நிலையங்கள் வழியாக இலவசமாகக் கொடுக்கப்பட்டது, 1980களில் அறிமுகமான அதே வகை ஸ்டியரிங் தடிதான்.

இந்தியச் சூழல்

இந்தியாவில் சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு கார் திருட்டுக்கு இழப்பீடு தராது. பழைய காரின் பிரீமியத்தை மிச்சப்படுத்த மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்பவர், கார் திருடுபோனால் முழு இழப்பையும் தாமே ஏற்க வேண்டும். முழுக் காப்பீடு எடுத்தவர்கள், அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவியைப் பொருத்திச் சான்று பெற்றால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 விழுக்காடு, அதிக அளவாக 500 ரூபாய், தள்ளுபடி பெறலாம் என்று இந்திய மோட்டார் கட்டண விதிகள் வகுத்தன. இழப்பீடு கோரும்போது காப்பீட்டு நிறுவனங்கள் முதல் தகவல் அறிக்கையுடன் காரின் எல்லாச் சாவிகளையும் கேட்பது வழக்கம். ஆதலால் இரண்டாவது சாவியைத் தொலைக்காமல் வைத்திருப்பதும், அதைக் காருக்குள் வைக்காமலிருப்பதும் செலவில்லாத முன்னெச்சரிக்கைகள்.

குறைந்த செலவு முறைகள்

இவ்வரலாற்றிலிருந்து தெரியவரும் முறைகளைச் செலவின் வரிசையில் பின்வருமாறு தொகுக்கலாம்.

செலவில்லாதவை: கண்ணாடிகளை முழுதும் ஏற்றிப் பூட்டுதல், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் நிறுத்துதல், முன்சக்கரங்களைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டு விழும்படி விடுதல், நீண்ட நாள் நிறுத்தும்போது ரோட்டரையோ பாட்டரி இணைப்பையோ கழற்றுதல்.

சிறு செலவு: ஸ்டியரிங் தடி அல்லது கியர் பூட்டு; தேய்ந்த சாவித் துளையை மாற்றுதல்; பதிவு எண்ணைக் கண்ணாடிகளில் பொறித்தல். எண் பொறித்த கண்ணாடியைத் திருடர் மாற்ற வேண்டியிருப்பதால் அவருடைய ஆதாயம் குறைகிறது.

சற்றுக் கூடுதல் செலவு: எரிபொருள் பம்புக்குச் செல்லும் மின்கம்பியில் மறைவான சுவிட்ச் ஒன்றை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துதல்; ஜிபிஎஸ் கருவி. முன்னது காரை வெகுதூரம் ஓடவிடாது. பின்னது போன காரைத் தேட உதவும்.

மதிப்பீடு

மேற்கண்ட எந்த முறையும் திருட்டை முற்றிலும் தடுப்பதில்லை. ஒவ்வொன்றும் திருடருக்குச் சில நிமிடங்களைக் கூடுதலாக்குகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒரு தடியும் தெரியாத ஒரு சுவிட்சும் சேரும்போது அந்த நிமிடங்கள் மேலும் கூடுகின்றன. சாவி தொடாமல் கிளம்பும் புதிய கார்களை, சாவியின் அலைக்குறியை நீட்டித்துத் திருடும் முறை இக்காலத்தில் பரவியுள்ளது. அத்தகைய கார்களின் உரிமையாளர்களும் இப்போது ஸ்டியரிங் தடியை வாங்குகின்றனர்.

மேற்கு ஜெர்மனியிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் பழைய கார்களைக் காத்தவை புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. முன்பே இருந்த கருவி பழைய காருக்கும் சென்று சேர அங்கே சட்டமும் மானியமும் வழி செய்தன. அவ்வாறு செய்யாத நாடுகளில் அந்தப் பொறுப்பு உரிமையாளரிடமே தங்கிவிட்டது.