மெட்ராஸ் மணிக்கு மசியாத கோபுரம்

ஊரிலிருந்து பம்பாய் பார்க்க வருகிற சொந்தக்காரர்களை நான் முதலில் கேட்வேக்கு அழைத்துப் போவதில்லை. சர்ச்கேட்டில் இறங்கி, ஓவல் மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் பையன்களின் பந்துக்குத் தலை தப்பி, ராஜாபாய் கோபுரத்துக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்துவேன். பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் கோபுரம். மேலே ஏற விட மாட்டார்கள். அதனால் நஷ்டமில்லை. 280 அடி உயரத்தை எட்ட நின்று பார்ப்பதுதான் அழகு.

வரைந்தவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். இந்தியாவில் கால் வைக்காமலே, லண்டனில் உட்கார்ந்து வரைந்து அனுப்பினார். 1869இல் அடிக்கல் நாட்டி, 1878இல் கட்டி முடித்தார்கள். பணம் கொடுத்த பிரேம்சந்த் ராய்சந்த், தன் தாயின் பெயரை வைக்கச் சொன்னார். ராஜாபாய்க்குக் கண் தெரியாது, இருட்டுமுன் சாப்பிட்டுவிடும் சமண விரதத்துக்கு மணியோசை உதவியது என்று ஒரு கதை சொல்வார்கள். ஆனால் பிரேம்சந்தின் பங்களா இருந்தது பைகுலாவில். அங்கிருந்து இந்த மணி காதில் விழுமா என்று ஒருவரும் கேட்பதில்லை.

எனக்கு அந்தப் பணம் வந்த வழியும் பிடிக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரால் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி போவது தடைபட, பம்பாய்ப் பருத்தியின் விலை எகிறியது. பிரேம்சந்த் அந்தச் சூதாட்டத்தின் ராஜா. கை நிறைந்திருந்த காலத்தில் நூலகத்துக்கு 2 லட்சம், கோபுரத்துக்கு 2 லட்சம் என்று கொடுத்தார். 1865இல் போர் முடிந்தது, பருத்தியும் பங்குகளும் சரிந்தன, அவரும் நொடித்தார். தானமாகக் கொடுத்தது மட்டும் தப்பியது.

சென்னையில் பிறந்த எனக்கு இதற்கப்புறம் வரும் கதைதான் முக்கியம். அன்று ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் சூரியன், அதனதன் மணி. ரயில் வந்ததும் அது சரிப்படவில்லை. நுங்கம்பாக்கம் வானாய்வகம் கணித்த மெட்ராஸ் நேரத்தை ரயில்களுக்குப் பொதுவாக்கினார்கள். பம்பாயைவிட அது அரை மணி முந்தியது. 1881இல் கவர்னர் ஜேம்ஸ் ஃபெர்குசன், பம்பாய் அரசு அலுவலகங்களும் மெட்ராஸ் நேரப்படியே நடக்கட்டும் என்று உத்தரவு போட்டார். ஊர் கொதித்தது. எங்கோ கிழக்குக் கடற்கரையில் உச்சி வெயில் அடித்தால் நாங்கள் ஏன் கடிகாரத்தைத் திருப்ப வேண்டும் என்று கேட்டார்கள்.

சண்டை இந்தக் கோபுரத்துக்கும் வந்தது. கடிகாரம் மெட்ராஸ் நேரம் காட்டினால்தான் இரவு விளக்குச் செலவைத் தருவோம் என்றது அரசு. பல்கலைக்கழக செனட் மசியவில்லை. பம்பாய் நேரமே இருக்கட்டும் என்று முடிவு செய்தது. 1883இல் அரசு தன் உத்தரவையே விலக்கிக்கொண்டது. எங்கள் ஊர் மணி இங்கே தோற்றதில் எனக்கு வருத்தமில்லை, கொஞ்சம் சந்தோஷம்கூட.

1906 ஜனவரி 1ஆம் தேதி இந்தியப் பொது நேரம் வந்தது. மெட்ராஸ் ஒன்பதே நிமிடம் நகர்ந்தால் போதும். பம்பாயோ 39 நிமிடம் நகர வேண்டும். முதல் வாரத்திலேயே ஆலைத் தொழிலாளர்கள் கலகம் செய்தார்கள். மாநகராட்சி, பெரோஸ்ஷா மேத்தாவின் செல்வாக்கில், பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டது. ஒரே தெருவில் இரண்டு நேரம் நடந்தது. என்னோடு வேலை பார்த்த பார்சிப் பெரியவர் ஒருவர், தன் பெற்றோரின் கல்யாணப் பத்திரிகையைக் காட்டியிருக்கிறார். முகூர்த்த நேரத்துக்குப் பக்கத்தில் 'எஸ்.டி.' என்று அச்சடித்திருந்தது. ஸ்டாண்டர்டு டைம் என்று சொல்லாவிட்டால் விருந்தாளிகள் பந்தி முடிந்த பிறகு வந்து நிற்பார்களாம். இந்த இரட்டை வாழ்க்கை 1955 வரை நீடித்தது.

இன்றும் கோபுரம் பன்னிரண்டு அடிக்கும்போது மும்பையில் சூரியன் உச்சிக்கு வந்திருக்காது. சராசரியாக இன்னும் 39 நிமிடம் ஆகும். இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கா அத்தனை சண்டை என்று சிரிப்பவர்கள் உண்டு. விடிவதற்கு முன்பே எழுந்து ஆலைக்கு நடக்கிறவனுக்கு அது தூக்கக் கணக்கு. கடிகாரத்தைத் திருப்பச் சொல்லி உத்தரவு எழுதியவர்களுக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை.