ஒரு பெரிய எழுத்து, ஒரு ராத்திரி தூக்கம்

இன்னிக்கு என் தூக்கத்தைக் கெடுத்த ஒரு பக்-ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசு. எங்க ஆப்ல யூசர்களோட பேர் எல்லாம் காலியா வருது. எரர் எதுவும் இல்லை. டேட்டாபேஸ்ல பார்த்தா பேரெல்லாம் பத்திரமா இருக்கு. விடியக்காலை மூணு மணிக்குத்தான் கண்ணுல பட்டுச்சு. 'யூசர்நேம்'னு ஒரு ஃபீல்டு, நடுவுல பெரிய 'என்' போட்டு உருவாக்கியிருந்தோம். போஸ்ட்கிரஸ் அதை முழுக்க சின்ன எழுத்தா மாத்தி வெச்சிருச்சு. ஜேசன்லயும் கீ அப்படியே போச்சு. ஆப் தேடினதோ பெரிய 'என்' இருக்கிற கீயை!

இதுக்கு வேர் எங்க இருக்கு?

பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஒரு எழுத்துக்கு 6 பிட்தான். அதில் 64 குறிகள் மட்டுமே அடங்கும். 26 பெரிய எழுத்துகள், 10 எண்கள், மீதி இடத்தில் நிறுத்தக்குறிகள். சின்ன எழுத்துக்கு இடமே இல்லை. 1963-ல் வந்த முதல் ஆஸ்கியிலும் சின்ன எழுத்துகள் கிடையாது. 1967-ல் வந்த திருத்தத்தில் அவை இருந்தன. அதில் பெரிய 'ஏ' 65, சின்ன 'ஏ' 97. நமக்கு ஒரே எழுத்து, மெஷினுக்கு ரெண்டு எண்.

1974-ல் ஐபிஎம்மின் சாம்பர்லினும் பாய்ஸும் சீக்வெல் மொழியை வெளியிட்டார்கள். அதுதான் பிறகு எஸ்க்யூஎல் ஆனது. மேற்கோள் குறி இல்லாத பெயரைப் பெரிய எழுத்தாக எடுத்துக்கொள் என்கிறது அதன் தரநிலை. ஆரக்கிள் அப்படியே செய்கிறது. போஸ்ட்கிரஸ் நேர்மாறாகச் சின்ன எழுத்தாக்குகிறது.

அதே எழுபதுகளில் பெல் லேப்ஸில் வளர்ந்த சி மொழி, பெரியதையும் சின்னதையும் தனித்தனியாகவே பார்த்தது. 1995-ல் வந்த ஜாவாஸ்கிரிப்ட்டும் அதே வழி. அதிலிருந்து டக்ளஸ் கிராக்ஃபோர்டு எடுத்துத் தந்த ஜேசனும் அதே வழி.

ஆக, அன்னிக்கு ராத்திரி யாரும் தப்பு பண்ணலை. டேட்டாபேஸ் அதோட விதிப்படி நடந்துச்சு, ஜேசன் அதோட விதிப்படி நடந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல மாட்டினது நான். தமிழ்ல பெரிய 'அ', சின்ன 'அ'னு கிடையாதே! அதனாலயோ என்னவோ, எனக்கு அந்தச் சந்தேகமே வரலை.

இப்போ என் பழக்கம் இதுதான்: டேட்டாபேஸ்ல எல்லாப் பேரும் சின்ன எழுத்து, வார்த்தைக்கு நடுவுல அண்டர்ஸ்கோர். ஜேசனுக்கு மாத்துற வேலை கோடுல ஒரே ஒரு இடத்துல. அதுக்கப்புறம் நிம்மதியா தூங்குறேன்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்!