காட்சி விளைவுகள் மீது விழுந்த பழி: வீட்டுக் கணினியின் வேகம் குறித்த ஒரு வரலாற்று ஆய்வு

வீட்டுக் கணினி மந்தமாகிவிட்டது என்றால், தமிழ்நாட்டில் கால் நூற்றாண்டாகக் கையாளப்படும் முதல் வைத்தியம் ஒன்று உண்டு. மை கம்ப்யூட்டர் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் திறந்து, அட்வான்ஸ்டு பகுதிக்குள் போய், விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டியலில் ‘அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ என்பதைத் தேர்வு செய்வார்கள். விண்டோவின் நிழல் மறையும், மெனு மெல்ல விரிவது நிற்கும், திரை பழைய சாம்பல் நிறத்துக்குத் திரும்பும். 2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பியுடன் வந்த அந்தப் பெட்டி, விண்டோஸ் 11 வரை ஏறக்குறைய அதே உருவில் நீடிக்கிறது. பெட்டி அப்படியே இருக்க, அதன் அடியில் திரையை வரையும் முறை மட்டும் 2006க்கும் 2012க்கும் இடையில் அடியோடு மாறிவிட்டது. எக்ஸ்பி காலத்தில் சரியாக இருந்த நோயறிதல், வரையும் வேலை கைமாறிய பிறகும் பழக்கத்தால் தொடர்ந்தது. அதனால் நினைவகம், ஹார்ட் டிஸ்க், டிரைவர், சூடு ஆகிய உண்மையான காரணங்கள் பார்வைக்கு வராமலே போயின. இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து. இதைச் சோதித்துப் பார்க்கத் திருப்பூரின் வேலம்பாளையம் பொருத்தமான களம். தனி நகராட்சியாக இருந்து 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்த இந்தத் தொழிலாளர் பகுதியின் பல வீடுகளுக்கு, அதே ஆண்டில் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டமே முதல் கணினியைக் கொண்டுவந்தது.

எக்ஸ்பி திரையை எப்படி வரைந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதில் எல்லா விண்டோக்களும் ஒரே திரைப் பரப்பின் மீது நேரடியாக வரைந்தன. ஒரு விண்டோவை இழுத்து நகர்த்தினால், அதன் கீழ் மறைந்திருந்த பகுதியை மீண்டும் வரையும்படி அடியில் இருந்த நிரலுக்கு விண்டோஸ் ஆணையிடும். அந்த நிரல் வேறு வேலையில் மூழ்கியிருந்தால் வரையாது. நின்றுபோன ஒரு நிரலின் மீது இன்னொரு விண்டோவை நகர்த்தும்போது திரை முழுக்க வால்போல் அதன் படங்கள் பதிந்து கிடந்ததற்கு இதுவே காரணம். இழுக்கும்போது உள்ளடக்கத்தைக் காட்டுவது, நிழல், ஒளிபுகும் தேர்வுக்கட்டம் ஆகிய ஒவ்வொன்றும் மறுவரைவைப் பெருக்கியது. அதில் பெரும்பங்கை முதன்மைச் செயலியே சுமந்தது. 128 எம்பி, 256 எம்பி ரேம் கொண்ட அன்றைய அசெம்பிள்டு கணினியில் அந்த விளைவுகளை நிறுத்தியவர் உண்மையிலேயே பலன் கண்டார். ஆகவே இந்தப் பழக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது. அது நேரில் கண்டு பெற்ற அறிவு. பின்னால் அதன் அடித்தளம்தான் விலகிப்போனது.

விலகல் தொடங்கிய ஆண்டு 2006. அவ்வாண்டின் தொடக்கத்தில் நோவெல் நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் ரெவ்மன், காம்பிஸ் என்னும் நிரலை வெளியிட்டார். ஒவ்வொரு விண்டோவும் தனக்கென ஒரு மறைவான பரப்பில் வரைந்துகொள்ளும். அந்தப் பரப்புகளைக் கிராபிக்ஸ் செயலி ஒன்றாகக் கோத்துத் திரையில் காட்டும். கனசதுரம்போல் சுழலும் டெஸ்க்டாப்பும், இழுத்தால் துணிபோல் நெளியும் விண்டோவும் இதன் விளைவாகக் கிடைத்தவை. இவை அந்த ஜூலையில் வெளியான சுசே லினக்ஸ் எண்டர்பிரைஸ் டெஸ்க்டாப் 10இலேயே வந்துவிட்டன. இங்கே தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்பு உண்டு. சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தேர்ந்தெடுத்ததும் அதே நோவெலின் சுசே லினக்ஸைத்தான். 2008 வாக்கில் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்காக 30,000 கணினிகளிலும் 1,880 சர்வர்களிலும் அது நிறுவப்பட்டது. மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு 2007 ஜனவரி 30 அன்று வீட்டுப் பயனாளருக்கு வெளியிட்ட விஸ்டாவில், டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் என்ற பெயரில் இதே முறையைக் கொண்டுவந்தது. ஏரோ எனப்பட்ட அதன் கண்ணாடித் தோற்றத்துக்கு டைரக்ட்எக்ஸ் 9 திறனுள்ள கிராபிக்ஸும் புதுவகை டிரைவரும் தேவைப்பட்டன. இன்டெல் 915 சிப்செட் கொண்ட கணினிகளால் அந்த டிரைவரை ஏற்க முடியவில்லை. ஆனாலும் அவற்றின் மீது ‘விஸ்டா கேப்பபிள்’ ஸ்டிக்கர் ஒட்டி விற்கப்பட்டதால் அமெரிக்காவில் வழக்கே நடந்தது. ஏரோ என்றாலே கணினியை அழுத்தும் பாரம் என்ற பெயர் நிலைத்ததற்கு அந்தக் கசப்பு பெரிய காரணம்.

அந்தப் பெயர் எவ்வளவு தூரம் தகும் என்பதைக் கணக்கே சொல்லும். 1366க்கு 768 என்பது பின்னாளைய மடிக்கணினிகளில் மிகப் பரவலான திரை அளவு. ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று கொண்டால், திரையை நிறைக்கும் ஒரு விண்டோவின் பரப்புக்கு 41,96,352 பைட், அதாவது ஏறத்தாழ 4 எம்பி போதும். பத்து விண்டோக்கள் திறந்திருந்தாலும் 40 எம்பி. 2 ஜிபி ரேமில் அது 2 விழுக்காடு. விஸ்டாவில் இதே பரப்பின் இன்னொரு பிரதி பொது நினைவகத்திலும் வைக்கப்பட்டதால் செலவு இரட்டித்தது என்பது உண்மைதான். 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7 அந்த இரட்டைப் பிரதியை நீக்கியது. அதன் பிறகு கண்ணாடித் தோற்றத்துக்காக நினைவகத்தில் கொடுக்கும் விலை, உலாவியில் திறந்து கிடக்கும் ஒரே ஒரு கனமான பக்கத்தின் விலையை எட்டுவதே அரிது.

கணக்கோடு நிற்க வேண்டியதில்லை. இதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு ஒன்றைத் தமிழ்நாடு அறியாமலே உருவாக்கித் தந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் போய்ச் சேர்ந்தன. தொடக்ககாலக் கணினிகளில் 2 ஜிபி ரேமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்கும் இருந்தன. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் ஒரே கணினியில். ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸ் 7இன் மிக எளிய பதிப்பு. அதில் ஏரோ கண்ணாடி கிடையாது. டாஸ்க்பாரில் விண்டோக்களின் சிறு முன்தோற்றம் கிடையாது. வால்பேப்பரை மாற்றக்கூட அனுமதி கிடையாது. சுருங்கச் சொன்னால், விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டியலில் நிறுத்த வேண்டியவற்றில் கனமானவை தொழிற்சாலையிலேயே நிறுத்தப்பட்டு வந்த கணினி அது. மந்தத்துக்குக் காரணம் அலங்காரம்தான் என்ற கருத்து சரியென்றால், மாநிலத்திலேயே சோர்வடையாத கணினிகளாக இவை இருந்திருக்க வேண்டும். நடந்தது அப்படியில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் இவையும் மற்றவற்றைப் போலவே திணறின. இவற்றிலும் அதே பெட்டி திறக்கப்பட்டு, அதே தேர்வு செய்யப்பட்டு, அதே ஏமாற்றம் கிடைத்தது.

திணறலின் காரணங்கள் வேறிடத்தில் இருந்தன. ஸ்டார்ட்டர் 32 பிட் பதிப்பு மட்டுமே. 2 ஜிபிக்கு மேல் ரேமை அது பயன்படுத்தாது. காசு செலவழித்து இன்னொரு 2 ஜிபி போட்ட வீட்டுக்கு ஒரு பயனும் கிட்டியிருக்காது. ஆன்டிவைரஸும் உலாவியும் சேர்ந்து அந்த 2 ஜிபியை நிரப்பியதும், விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் எழுதி வைக்கத் தொடங்கும். அக்கால மடிக்கணினிகளில் வழக்கமான டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்வது. தேவையான இடம் சுழன்று வரச் சராசரியாக 5.6 மில்லி விநாடி, படிக்கும் முனை நகர ஏறத்தாழ 12 மில்லி விநாடி. ஆக, சிதறிக்கிடக்கும் தரவை நொடிக்கு அறுபது முறைகூட அதனால் எடுக்க முடியாது. கணினியின் முன்பக்கச் சிறுவிளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்க, மவுஸ் அம்புக்குறி மட்டும் நகரும் அந்த நிலை இதுதான். 2015, 2016 ஆண்டுகளில் இதோடு இன்னொன்றும் சேர்ந்தது: விண்டோஸ் 7இன் அப்டேட் தேடும் பகுதி செயலியையும் நினைவகத்தையும் மணிக்கணக்கில் பிடித்துவைத்துக்கொள்ளும் கோளாறு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்திருந்தால் குற்றவாளி யார் என்பதற்குத் துப்பாவது கிடைத்திருக்கும்.

வேலம்பாளையம் போன்ற இடத்துக்கே உரிய இன்னொரு காரணம் உண்டு. பனியன் தொழிலில் நிட்டிங் எந்திரம் முதல் ஓவர்லாக், பவர் டேபிள் வரை ஒவ்வொரு கட்டத்திலும் பஞ்சு பறக்கிறது. ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் வீட்டில் தையல் எந்திரமும் பிள்ளைகளின் மடிக்கணினியும் ஒரே அறையில் இருக்கும். மடிக்கணினியின் ஃபேன் அடிப்பக்கத்திலிருந்து காற்றை உறிஞ்சி, நெருக்கமான உலோகத் தகடுகளின் இடைவெளி வழியே வெளியே தள்ளும். ஃபேனுக்கும் தகடுகளுக்கும் இடையில் பஞ்சு படிந்து படிந்து ஒரு கம்பளித் துண்டின் கனத்துக்கு இறுகிவிடும். வெளியிலிருந்து பிரஷ் வைத்துத் துடைத்தால் அது அசையாது, அடிமூடியைக் கழற்றி எடுத்தால்தான் வரும். காற்று தடைபட்டுச் சூடு ஏறினால், செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கிராபிக்ஸும் அதே சில்லில் இருப்பதால் அதன் வேகமும் சேர்ந்து இறங்கும். விண்டோவை நகர்த்தும்போது திரை விக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது காட்சி விளைவின் கோளாறாகவே படும். காலையில் சரியாக ஓடி, ஒரு மணி நேரம் கழித்து விக்கத் தொடங்கும் கணினியில் முதலில் பார்க்க வேண்டியது செட்டிங்கை அல்ல, ஃபேனைத்தான்.

என் கருத்துக்கு இரண்டு வலுவான மறுப்புகள் எழும். முதலாவது, ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ தேர்ந்தெடுத்தவர்கள் வேகம் கூடியதைக் கண்ணால் கண்டதாகவே சொல்கிறார்களே என்பது. அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஒரு விண்டோ சுருங்கும் அசைவுக்கே கால் நொடி போலப் பிடிக்கும். அசைவை நிறுத்தினால் அந்தக் கால் நொடி மிச்சமாகி, கணினி கைக்கு உடனே பதில் சொல்வதாகத் தோன்றும். ஆனால் நிரல் திறக்கும் நேரமோ கோப்பு எழுதும் நேரமோ இதனால் குறைவதில்லை. போதாதற்கு, பழுது பார்ப்பவர் கணினியை ரீஸ்டார்ட் செய்துதான் திருப்பித் தருவார். நினைவகம் காலியாகி முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே ஓடும். பாராட்டு விஷுவல் எஃபெக்ட்ஸ் பெட்டிக்குப் போய்விடும். மேலும், விண்டோஸ் 8 தொடங்கி டெஸ்க்டாப் விண்டோ மேனேஜரை நிறுத்தும் வழியே பயனாளருக்கு இல்லை. பட்டியலில் உள்ள எல்லா டிக்குகளையும் எடுத்தாலும் விண்டோக்கள் தனிப் பரப்பில் வரையப்பட்டுக் கோக்கப்படுவது தொடரும். இந்தத் தேர்வு 2012க்குப் பிறகு மேல்பூச்சைத்தான் தொடுகிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது: விளைவுகளே கணினியை முடக்கிய இடங்கள் இல்லையா? உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. லினக்ஸ் உலகில் 2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3, கிராபிக்ஸ் முடுக்கம் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு கட்டப்பட்டது. அது இல்லாத கணினிகளுக்காக வைத்திருந்த எளிய மாற்று வடிவமும் 2013இல் வந்த 3.8 பதிப்போடு நீக்கப்பட்டது. தகுந்த டிரைவர் இல்லாவிட்டால் எல்எல்விஎம்பைப் என்னும் மென்பொருள், கிராபிக்ஸ் செயலியின் வேலை முழுவதையும் முதன்மைச் செயலியின் தலையில் ஏற்றிவிடும். அங்கே ஒவ்வொரு நிழலுக்கும் அசைவுக்கும் உண்மையான விலை உண்டு. விண்டோஸிலும் இதே நிலை வரும். ஸ்டார்ட்டர் பிடிக்காமல் கடையில் ஃபார்மட் செய்து வேறு பதிப்பு ஏற்றி, கிராபிக்ஸ் டிரைவரைப் போடாமல் விட்டால், டிவைஸ் மேனேஜரில் ‘ஸ்டாண்டர்டு விஜிஏ கிராபிக்ஸ் அடாப்டர்’ என்று நிற்கும்; விண்டோஸ் 8 முதல் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’. இந்த மறுப்பு என் கருத்தைத் தள்ளுவதைவிடக் கூர்மைப்படுத்துகிறது. விளைவுகள் பாரமாவது, அவற்றைச் சுமக்க வேண்டிய பாகம் வேலைக்கு வராதபோதுதான். அப்போதும் செய்ய வேண்டியது டிரைவரைச் சேர்ப்பது; நிழலை நீக்கினால் சினிமா பார்ப்பதும் உலாவியில் பக்கத்தை உருட்டுவதும் அதே அவதியாகவே இருக்கும்.

பழைய வைத்தியத்தால் பயனில்லாவிட்டாலும் தீங்கில்லையே என்று விட்டுவிடலாமா என்றால், தமிழ் படிப்பவருக்கு அதில் தெளிவான தீங்கு இருக்கிறது. எல்லா விளைவுகளையும் ஒரே சொடுக்கில் நிறுத்தும்போது, ‘ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்கிரீன் ஃபான்ட்ஸ்’ என்ற வரியின் டிக்கும் போய்விடும். அதன் பின் லதா எழுத்துருவில் ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ‘ஞ’வும் ‘ஹ’வும் படிகட்டிய கோடுகளாக உடையும், புள்ளி மேல்கோட்டில் கலந்து மெய்யா உயிர்மெய்யா என்று உற்றுப் பார்க்க வைக்கும். நேர்கோடுகள் மிகுந்த ஆங்கில எழுத்து இதைத் தாங்கிக்கொள்ளும். வளைவுகளால் ஆன தமிழ் எழுத்து தாங்காது. எழுத்தின் விளிம்பை மென்மையாக்க ஆகும் உழைப்போ எந்தச் செயலிக்கும் பொருட்டில்லை. ஒரு பள்ளிப் பிள்ளையின் கணினியில் வேகம் சேர்ப்பதாக எண்ணி, அவள் படிக்கும் எழுத்தைச் சிதைத்துக் கொடுப்பது எனக்கு வருத்தம் தரும் செயல். வேறு எதை நிறுத்தினாலும் அந்த ஒரு டிக்கைத் திரும்பப் போட்டுத் தர வேண்டும்.

அரசின் கொள்முதல் பட்டியலே இன்று மாறியிருக்கிறது. 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அறிவிக்கப்பட்ட திட்டத்துக்கு எல்காட் கோரிய மடிக்கணினியில் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் இடம்பெற்றன. சுழலும் டிஸ்க் போனதும் மந்தத்தின் முதல் காரணமும் போய்விடும். பழைய மடிக்கணினிகள் மட்டும் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது, 2011ஆம் ஆண்டுக் கணினியை விண்டோஸ் 11 ஏற்காது. அவற்றில் ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இரண்டரை அங்குல இடத்தில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும். தகடுகளில் இறுகிய பஞ்சை எடுத்து, எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய டெஸ்க்டாப் உள்ள லினக்ஸை ஏற்றினால் நிழலோடும் ஒளிபுகும் விளிம்போடுமே அது ஓடும். ஏற்றிய பிறகு கிராபிக்ஸ் விவரங்களில் உள்ள ‘ஓபன்ஜிஎல் ரெண்டரர்’ வரியில் இன்டெல் என்று வருகிறதா, எல்எல்விஎம்பைப் என்று வருகிறதா என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.