இருபத்துமூன்று புள்ளிகள்

1971-ஆம் ஆண்டு இலங்கையில் பேராதனையில் பொறியியல் படிக்க, சிங்களத்தில் பரீட்சை எழுதிய மாணவர் 400-க்கு 227 எடுத்தால் போதும். தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும். கட்டுபெத்தையில் இருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் இந்த எண்கள் 212, 232. மருத்துவத்துக்கு 229, 250. மதிப்பெண்ணை அங்கே 'புள்ளி' என்பார்கள். பேராதனைப் பொறியியலுக்கும் தமிழ் மாணவனுக்கும் நடுவே கூடுதலாக நின்றது இருபத்துமூன்று புள்ளிகள்.

240 எடுத்த ஒரு தமிழ்ப் பையனை நினைத்துப் பாருங்கள். 230 எடுத்தவன் உள்ளே உட்கார்ந்து பொறியியல் வரைபடம் போடப் பழகுகிறான். இவன் வீட்டில் இருக்கிறான். 'தரப்படுத்தல்' என்ற சொல் ஈழத் தமிழர் நினைவில் தழும்பாக நிற்பதற்கு இந்தப் பையன்தான் காரணம். பொன்னுத்துரை சத்தியசீலன் முன்னின்று தொடங்கிய தமிழ் மாணவர் பேரவை இந்தக் கோபத்தில் வளர்ந்தது. பின்னால் ஆயுதம் எடுத்த பலருடைய கதையைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனால் இந்தப் புள்ளிக் கணக்கில் வந்து நிற்போம்.

அன்றைக்கு சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமர், பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சர். சொல்லப்பட்ட காரணம் எளிமையானது. இரண்டு மொழியில் பரீட்சை, இரண்டு தரப்புத் திருத்துனர்கள், அதனால் புள்ளிகளை அப்படியே ஒப்பிடக் கூடாது. கணினி நிரல் எழுதிப் பிழைக்கிறவனாக எனக்கு இந்த வாதம் புரியாமல் இல்லை. வெவ்வேறு தேர்வுகளின் மதிப்பெண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது தப்பே கிடையாது. தமிழ்நாட்டின் 2006-ஆம் ஆண்டு தொழிற்கல்விச் சேர்க்கைச் சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரு பாடத்தின் உச்ச மதிப்பெண்ணும் இன்னொரு வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணும் சமமாக வைக்கப்பட்டு, மற்றவை அந்த விகிதத்தில் ஏற்றப்படும்.

கேள்வி கணக்கில் இல்லை, எந்தக் கோட்டை வைத்து ஆட்களைப் பிரிக்கிறோம் என்பதில் இருக்கிறது. பள்ளியில் ஆய்வகம் உண்டா, வீட்டில் யாராவது படித்திருக்கிறார்களா, ஊருக்கு பஸ் வருமா என்று பிரித்திருக்கலாம். 1971-இல் மொழியை வைத்துப் பிரித்தார்கள். கொழும்பின் வசதியான பள்ளியில் சிங்களத்தில் படித்தவனுக்கு 227. மன்னாரில் ஆய்வகத்தையே பார்க்காமல் தமிழில் படித்தவனுக்கு 250.

எங்கள் குடும்பமும் அப்போது அந்தத் தீவில்தான் இருந்தது. நாங்களும் தமிழர்கள்தான். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் தாத்தா, அப்பாயி, ஐந்து பிள்ளைகள். தரப்படுத்தல் பற்றி நான் புத்தகங்களில் படிக்க ஆரம்பித்த பிறகு தாத்தாவிடம் கேட்டேன். "அதெல்லாம் யாழ்ப்பாணத்து ஆளுகளுக்குப்பா. நமக்கு அஞ்சாங்கிளாஸோட கதவைச் சாத்திருவாங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்ததைச் சொல்வது மாதிரி சொன்னார்.

1945-இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. இலங்கையின் பெருமைகளில் ஒன்று அது. தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியே விடப்பட்டன. ஒரே அறை, ஒரே வாத்தியார், பெரும்பாலும் ஐந்தாம் வகுப்பு வரை. அதற்குமேல் கொழுந்துக் கூடை அல்லது கவ்வாத்துக் கத்தி. 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். உயர்தரப் பரீட்சை எழுதவே போகாதவனுக்கு 227 என்ன, 250 என்ன?

1974-இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள். 1969-இல் அறிவியல் சார்ந்த படிப்புகளில் 27.5 சதவீதம் இடம் பிடித்த வட மாகாணம் 1974-இல் 7 சதவீதத்துக்கு இறங்கியது. யாழ்ப்பாணத்துக்கு இது இரண்டாவது அடி. ஆனால் நேர்மையாகச் சொன்னால் மன்னார், மட்டக்களப்பு மாதிரியான பின்தங்கிய பகுதித் தமிழ் மாணவர்கள் சிலருக்கு இதே ஒதுக்கீடு கதவைத் திறந்தது. தாளில் பார்த்தால் நுவரெலியாவுக்கும் திறந்திருக்க வேண்டும்.

நுவரெலியா மாவட்டத்தில் 1981 கணக்கெடுப்பின்படி 47 சதவீதம் பேர் 'இந்தியத் தமிழர்', அதாவது எங்கள் ஆட்கள். மாவட்டத்துக்கு எத்தனை இடம் என்று கணக்குப் போடும்போது லயத்துத் தலைகளும் எண்ணப்பட்டன. இடத்தை எடுத்துக்கொள்ள உயர்தரம் வரை போனவர்கள் வேண்டும், லயத்தில் அப்படி யாரும் அநேகமாக இல்லை. ஆக, எங்கள் தலையெண்ணிக்கையில் கிடைத்த இடங்களில் பெரும்பாலும் வேறு ஆட்கள் உட்கார்ந்தார்கள். இதற்கு முன்மாதிரியும் உண்டு. வாக்குரிமை பறிக்கப்பட்ட பிறகும் தொகுதிகளைப் பிரிக்க எங்கள் தலைகள் எண்ணப்பட்டன. வாக்கு இல்லாத மக்களின் கணக்கில் மலையகத்தின் மற்றவர்களுக்குக் கூடுதல் உறுப்பினர்கள் கிடைத்தார்கள். முதலில் நாடாளுமன்றத்தில் நடந்தது பிறகு பல்கலைக்கழகத்தில் நடந்தது.

இதை யாரும் ஏன் உரக்கச் சொல்லவில்லை? ஒரு ஒப்பீடு பார்க்கலாம். 1950-இல் சென்னை மாகாணத்தில் நான்கு அரசுப் பொறியியல் கல்லூரிகள், மொத்தம் 395 இடங்கள். வகுப்புவாரி அரசாணைப்படி அவை பங்கிடப்பட்டன. இண்டர்மீடியட்டில் 450-க்கு 369 எடுத்த சீனிவாசன் என்ற மாணவர் கிண்டிக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அரசாணை தன் உரிமையைப் பறிக்கிறது என்று நீதிமன்றம் போனார். மருத்துவக் கல்லூரி விஷயமாக வழக்குப் போட்ட செண்பகம் துரைராஜன் பெயரால் அந்த வழக்கை நாம் அறிவோம். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசாணையைச் செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தது. அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து இடஒதுக்கீட்டைக் காப்பாற்றியது.

அந்த வழக்கின் ஆவணங்களில் சீனிவாசனின் மதிப்பெண் இருக்கிறது. பள்ளிக்கூடமே இல்லாத கிராமத்தில் அதே வயதில் மாடு மேய்த்தவனின் மதிப்பெண் இல்லை, ஏனென்றால் அவனுக்கு மதிப்பெண்ணே கிடையாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு அடி தள்ளி நிற்பவனுக்குத் தான் இழந்தது எவ்வளவு என்று தெரியும், வழக்குப் போடுவான். பத்து மைல் தள்ளி நிற்பவனுக்குக் கோடு இருப்பதே தெரியாது. 240 எடுத்த பையனுக்கு நடந்தது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவனுக்காவது வரலாறு உண்டு. என் தாத்தாவின் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதிப் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். தாத்தா குடும்பம் 1973-இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியது. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க 1968-இல் அரசு நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியிருந்தது. அதுதான் பின்னால் 'டான்டீ' ஆனது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று காடுகள் தோட்டமாயின. அதே கொழுந்து, அதே லயம். நாட்டின் பெயர்தான் வேறு. ஊர்க்காரர்களுக்கு நாங்கள் 'சிலோன்காரங்க'.

இங்கே அப்பா பத்தாம் வகுப்பு வரை வந்தார். கோடு ஐந்திலிருந்து பத்துக்கு நகர்ந்தது.

1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பொறியியல், மருத்துவத்துக்கு நுழைவுத் தேர்வு வந்தது. அதே காலத்தில்தான் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கும் அனுமதி கிடைத்தது. ஒரு பக்கம் இடங்கள் பெருகின, இன்னொரு பக்கம் வாசலில் புதிதாக ஒரு பூட்டு. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, மொத்தம் 300. அந்த 100-க்குத்தான் கோச்சிங். கூடலூர்ப் பையன் அதற்கு ஊட்டி போக வேண்டும், இல்லையென்றால் மலை இறங்கிக் கோயம்புத்தூர். லயத்திலிருந்து அப்படிப் போய்ப் படித்தவர் என்று ஒருவரைக்கூட நான் சிறுவயதில் கேள்விப்பட்டதில்லை.

2005-இலும் 2006-இலும் ஜெயலலிதா அரசு இந்தத் தேர்வை நீக்கப் பார்த்தது, உயர் நீதிமன்றம் இரண்டு முறையும் ஏற்கவில்லை. பிறகு கருணாநிதி அரசு அனந்தகிருஷ்ணன் குழுவை அமைத்தது. அதன் பரிந்துரைப்படி சட்டம் இயற்றி, 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வாங்கியது. பூட்டு கழன்றது.

நான் பிளஸ் டூ முடித்தது 2010. கணிதம் 168, அதில் பாதி 84. இயற்பியல் 142, அதில் கால்வாசி 35.5. வேதியியல் 151, அதில் கால்வாசி 37.75. கட்-ஆஃப் 157.25. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் எண் இல்லை. கவுன்சிலிங்குக்கு சாதிச் சான்றிதழ் வேண்டும். தாத்தா பிறந்ததே இலங்கையில், பூர்வீகத்துக்கு என்ன ஆதாரம் என்று ஒரு அலுவலகத்தில் கேட்டார்கள். பழைய குடும்ப அட்டையையும் துறையூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் எழுதிய பாஸ்போர்ட்டையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு அப்பா ஐந்து முறை நடந்தார். கவுன்சிலிங்கில் கோவைக்கு வெளியே ஒரு சுயநிதிக் கல்லூரி கிடைத்தது. அந்த வருஷம்தான் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அது இல்லையென்றால் கிடைத்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்திருப்போம்.

"கஷ்டப்பட்டு மேலே வந்தவன்" என்று ஆபீஸில் யாராவது சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். கஷ்டப்பட்டது உண்மைதான். ஆனால் தாத்தாவும் என்னைவிடக் குறைவாகக் கஷ்டப்படவில்லை. அவருக்கு ஐந்தாம் வகுப்பில் இருந்த கோடு, ஒரு ஒப்பந்தம், ஒரு தேயிலைத் திட்டம், ஒரு சட்டம், ஒரு சலுகை என்று ஐம்பது வருஷத்தில் தள்ளித் தள்ளி 157.25-க்கு வந்து சேர்ந்தது. 2021-இல் நீதிபதி முருகேசன் ஆணையத்தின் பரிந்துரைப்படி, பொறியியலிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கினார்கள். மொழியைப் பார்க்காமல் பள்ளியைப் பார்த்துப் போட்ட கோடு. இலங்கையில் 1971-இல் போட்டிருக்க வேண்டியது இந்த மாதிரிக் கோடுதான்.

ஆனாலும் கணக்கு முடியவில்லை. கூடலூரில் நாங்கள் வந்து இறங்குவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பணியர்களும் காட்டுநாயக்கர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு 1 சதவீத ஒதுக்கீடு உண்டு. அந்த 1 சதவீதத்தைக் கணக்கிட அவர்களுடைய தலைகளும் எண்ணப்படுகின்றன. என்னோடு ஒன்பதாம் வகுப்பு வரை படித்த பணியர் பையன்கள் யாரும் பிளஸ் டூ வரை வரவில்லை. அவர்களுக்கும் கட்-ஆஃப் என்று ஒன்று இருக்கும், இன்னும் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.