திண்ணையிலிருந்து சபைக்கு

சென்ற வாரம் திருமயம் கோட்டைச் சுவரோரம் நின்றிருந்தோம். அங்கிருந்து மேற்கே போனால் பொன்னமராவதி. அதை ஒட்டினாற்போல் மேலைச்சிவபுரி.

மதுரையில் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் கண்டது 1901-ல். தஞ்சையில் கரந்தைத் தமிழ்ச் சங்கம் பிறந்தது 1911-ல். இரண்டுக்கும் நடுவே, 1909-லேயே தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானத்துச் சிற்றூரான மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை கூடிவிட்டது. பொருளோடு முன்னின்றவர் வ.பழ.சா. பழனியப்பச் செட்டியார். புலமைக்குத் துணைநின்றவர் மகிபாலன்பட்டி கதிரேசச் செட்டியார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. திண்ணைப் பள்ளியில் படித்ததும் சில மாதங்கள்தான். ஒரு கால் நலிந்து, கோலூன்றி நடந்தவர். 1925-ல் 'பண்டிதமணி' பட்டம் பெற்றார்.

பட்டணத்துக்கே அரிதான மன்றம் ஒரு கிராமத்துக்கு எப்படி வாய்த்தது? விடை இவ்வட்டார வீடுகளிலேயே இருக்கிறது என்பேன். செட்டியார்களான நகரத்தாரின் வீடு குடியிருக்க மட்டும் கட்டியதா என்ன? முகப்புத் திண்ணையில் வரவு செலவு பேசலாம். பட்டாலை என்னும் கூடத்தில் பங்காளிகள் மொத்தமும் உட்காரலாம். வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றி நூறு இலை போடலாம். பர்மாத் தேக்குத் தூண். சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு. சித்திரை வெயிலிலும் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், பானைத் தண்ணீர்போல் சில்லென்றிருக்கும். கூடிப் பேச இடம் வைத்தே வீடு கட்டிய சனத்துக்குச் சபை புதிதல்ல. கல்யாணத்துக்குக் கூடியவர்கள் தமிழ் கேட்கவும் கூடினார்கள், அவ்வளவுதான்.

சபையின் பெருங்கொடை கணேசர் செந்தமிழ்க் கல்லூரி. கவிஞர் முடியரசனும் தமிழண்ணலும் அங்கே படித்தவர்கள்.

இவ்வூர்ப் பிள்ளை ஒருவர் கதையையும் சொல்லிவிடுகிறேன். கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து வாணிகம் செய்ய, போன இடத்துப் பணம்தான் செட்டிநாட்டு மாளிகைகளை எழுப்பியது. அதே வழியில் சிறுவயதிலேயே ரங்கூன் வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைச் சிற்றாளாக, போனார் மாணிக்கம். வருமான வரி அதிகாரி வந்தால் முதலாளி இல்லையென்று சொல்லச் சொன்னார்கள். பொய் சொல்ல மாட்டேன் என்றார், வேலை போயிற்று. ஊர் திரும்பிப் பண்டிதமணியிடம் தமிழ் படித்தார். பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தரான வ.சுப. மாணிக்கம் அவர்தான்.