கணக்கு முடிக்கும் நாளில் பூக்கும் பூ

வங்கியில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் செப்டம்பர் கடைசி வாரம் என்றாலே எனக்கு அரையாண்டுக் கணக்கு முடிப்புதான். டாலி ஆகாத லெட்ஜரோடு இரவு பத்து மணி வரை மல்லுக்கட்டுவோம். போன வருடம் அதே வாரத்தில் இங்கிலாந்தில் மகள் வீட்டில் இருந்தேன். அங்கே அந்த வாரத்துக்கென்றே ஒரு பூ இருப்பது அப்போதுதான் தெரிந்தது. பெயர் மைக்கேல்மஸ் டெய்சி. நம் சாமந்தியின் உறவுதான். நடுவில் மஞ்சள் பொட்டு, சுற்றிலும் ஊதா இதழ்கள். மற்ற செடிகள் ஓய்ந்த பிறகு பூக்க ஆரம்பிக்கும். பனிக்காலத்தில் தண்டு காய்ந்துவிடும், வேர் சாகாது. அடுத்த வருடம் மறுபடி துளிர்க்கும். (நம் பூக்கடைகளில் விற்கும் சைனா ஆஸ்டர் வேறு. அது ஒரு பருவத்தோடு முடிந்துவிடும்.)

மைக்கேல்மஸ் என்பது செப்டம்பர் 29, புனித மைக்கேல் திருநாள். அந்தக் கால இங்கிலாந்தில் வருடத்துக்கு நான்கு கணக்கு நாட்கள் உண்டு. அவற்றில் ஒன்று இது. குத்தகை கட்டுவதும் வேலையாட்களை அமர்த்துவதும் அன்றுதான். 1752-ல் அவர்கள் புதிய காலண்டருக்கு மாறியபோது செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14 ஆகிவிட்டது. 11 நாள் காணோம்! வட்டிக் கணக்குப் போட்டவனை நினைத்துப் பாருங்கள். அதனால் யாருடைய தவணையும் முன்கூட்டி விழக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். செடிக்கு ஏது காலண்டர்? அது வெயிலையும் பகல் நீளத்தையும் பார்த்துப் பூக்கிறது. பருவப்படி அக்டோபர் 10-ல் வந்துகொண்டிருந்த திருநாள் 11 நாள் முன்னால் நகர்ந்து, பூ விரியும் வேளையோடு சேர்ந்துகொண்டது. அதுவரை ஸ்டார்வொர்ட் என்று அழைக்கப்பட்ட செடிக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது அதன் பிறகுதான் என்பது அங்குள்ள தோட்டக்காரர்கள் சொல்லும் கதை.

இவ்வளவு ஆங்கிலத்தனமான பெயர் கொண்ட பூ, உண்மையில் வட அமெரிக்காவின் காட்டுச் செடி. 17-ஆம் நூற்றாண்டில் ராஜாவின் தோட்டக்காரர்களாக இருந்த டிரடெஸ்கன்ட் தந்தை மகனில், மகன் வர்ஜீனியா வரை போய்ச் செடி சேகரித்தவர். 1753-ல் லின்னேயஸ் ஒரு வகைக்கு அவர்கள் குடும்பப் பெயரையும் இன்னொன்றுக்கு நோவி பெல்ஜியை என்றும் பெயர் வைத்தார். நோவி பெல்ஜியை என்பது இன்றைய நியூயார்க் பக்கம் இருந்த டச்சுக் காலனியைக் குறிக்கும். காலனி ஆங்கிலேயர் கைக்குப் போய் 90 வருடம் ஆகப்போகிறது, கணக்கு இன்னும் பழைய பெயரிலேயே!

பூவுக்குப் பெரிய வாழ்வு கொடுத்தவர் எர்னஸ்ட் பல்லார்ட். இங்கிலாந்தின் கோல்வால் ஊரில் வினிகர் ஆலைக் குடும்பத்துக்காரர். 1907-ல் அவருடைய 'பியூட்டி ஆஃப் கோல்வால்' ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியின் முதல் தரச் சான்றிதழ் பெற்றது. பிறகு வருடக்கணக்கில் கலப்பினம் செய்து பெரிய பூ, அடுக்கு இதழ், சிவப்பு, இளஞ்சிவப்பு என்று கொண்டுவந்தார். பூ பெருக்கப் பெருக்க ஒன்று கவனத்திலிருந்து நழுவியது. நோவி பெல்ஜியை கலப்பினங்களுக்குச் சாம்பல் நோய் எளிதில் வரும். இலையெல்லாம் மாவு தூவியது போல வெளுத்துவிடும். போதாக்குறைக்கு, மொட்டையே இலைக்கொத்தாக மாற்றிவிடும் ஒரு நுண்ணிய சிலந்திப் பூச்சி வேறு. மருந்தடித்து அலுத்துப்போன பலர் செடியைப் பிடுங்கிவிட்டார்கள். எனக்கு இதில் பல்லார்ட் மேல் குறை சொல்லத் தோன்றவில்லை. கண்காட்சியில் பரிசு பூவுக்குத்தானே, இலைக்கு இல்லையே.

1952-ல் அவர் இறந்த பிறகு, அவரிடம் மேலாளராக இருந்த பெர்சி பிக்டன் நர்சரியை எடுத்துக்கொண்டார். இன்றும் அந்தக் குடும்பம்தான் நடத்துகிறது. மகளோடு ரயிலில் போய்ப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான ரகங்கள் பெயர்ப்பலகையோடு நிற்கின்றன. மற்றவர்கள் கைவிட்டவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு பலகையில் ஆஸ்டர் என்று படித்துவிட்டு அடுத்ததில் சிம்ஃபியோட்ரைக்கம் என்று பார்த்துக் குழம்பினேன். 1994-ல் தாவரவியலார் அமெரிக்க வகைகளை இந்த வாயில் நுழையாத பெயருக்கு மாற்றிவிட்டார்களாம். ஆசிய, ஐரோப்பிய வகைகள் மட்டும் இன்னும் ஆஸ்டர்.

மகளுக்கு நான் வாங்கித் தந்தது 'மோன்க்'. சுவிட்சர்லாந்தில் ஃப்ரிகார்ட் என்பவர், ஓர் ஐரோப்பிய ஆஸ்டரை நம் இமயமலையின் ஆஸ்டர் தாம்சனியையோடு கலந்து உருவாக்கி, ஒரு ஆல்ப்ஸ் சிகரத்தின் பெயரை வைத்தார். தாம்சன், கல்கத்தா தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்தவர். இந்த ரகம் சாம்பல் நோய்க்கு அசைந்து கொடுப்பதில்லை. நோவே ஆங்க்லியை வகைகளும் அப்படித்தான். நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மண் இருந்தால் போதும். நோவி பெல்ஜியை வகை என்றால் இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை தோண்டி, நடுவிலுள்ள முற்றிய பகுதியை எறிந்துவிட்டு, ஓரத்து இளம் துண்டுகளை மட்டும் நட வேண்டும்.

நம் பால்கனிக்கு ஒன்று கொண்டுவர ஆசைதான். குளிரில் உறங்கிப் பழகிய செடியை நம் மே மாத வெயிலில் கொண்டுவந்து வைப்பது பாவம் என்று விட்டுவிட்டேன். இந்த வருடம் செப்டம்பர் 29 காலையில் மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பதினேழு பூ. எண்ணிப் பார்த்தேன், இரண்டு தடவை.